நீங்கள் எழுதியவர் இப்போது இல்லை

கத்தரி என்ற பெயரை அவளுக்கு வைத்தவர்கள் அவள் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்தது கிடையாது. உலகத்தின் பல மூலைகளில், அவரவர் வீட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, ‘புறா’ என்ற பழைய மின்னஞ்சல் மென்பொருளைச் சம்பளமில்லாமல் பராமரித்துவந்த தொண்டர் கூட்டம் அது. புறா திறந்த மூல மென்பொருள். அதாவது அதன் வயிற்றை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், குடலை உருவி வெளியே போடலாம், கேட்க ஆளில்லை. நன்றி சொல்லவும் ஆளில்லை. இப்படிப்பட்ட வேலையில்தான் பொறாமையும் குழிபறிப்பும் அதிகம் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புறாவுக்கு வயதாகிவிட்டது. கொழுத்தும் போயிருந்தது. அதில் மடலைத் திறந்தால் ஓரத்தில் நிலா வளர்கிறதா தேய்கிறதா என்று காட்டும். மூடினால் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். எழுத்தின் நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று தீர்மானிக்க ஒரு தனிப் பக்கமே இருந்தது. யாரோ கேட்டார் என்று யாரோ சேர்த்தது. கேட்டவரும் போய்விட்டார், சேர்த்தவரும் போய்விட்டார், பொத்தான் மட்டும் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. இதையெல்லாம் வெட்டிப்போட்டு, புறாவைக் குளிப்பாட்டித் தலைசீவி இந்தக் காலத்து ஆளாக்குவது என்று அவள் இறங்கினாள். பொறுப்பு கையில் வந்த முதல் மாதத்திலேயே நிலாவை எடுத்தாள். அடுத்து நிழலை எடுத்தாள். கூட்டம் பதறிப்போய்க் கத்தரி என்று பெயர் வைத்தது. அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது.

பகலில் அவள் ஒரு பல் மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொண்டாள். அங்கே நான்கு டாக்டர்கள், நான்கு நாற்காலிகள். வாய்க்குள் குழாயும் கண்ணாடியுமாகக் கிடக்கிறவர்களிடம்தான் பல் டாக்டர்களுக்குக் குடும்பக் கதை, நாட்டு நடப்பு எல்லாம் பேசத் தோன்றும். நாற்காலியில் கிடப்பவர் என்ன செய்வார்? “ம்” என்பார். டாக்டரும் அதையே பெரிய சம்மதமாக எடுத்துக்கொண்டு மேலே போவார். நாள் முழுக்க அந்த நான்கு அறைகளிலிருந்தும் “ம்… ம்…” என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

அவள் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கதவைத் திறந்து போட்டபடி ஃபிரிட்ஜுகள் வரிசையாக நிற்கும். எளிமை என்பது தன் மனைவிக்குக் கொள்கை இல்லை, வியாதி என்பது அவருடைய முடிவு. வீட்டில் ஒரு சாமானைக் கொஞ்ச நாள் யாரும் தொடாவிட்டால் அப்புறம் அது கண்ணில் படாது.

“நான் ரெண்டு நாள் அசையாம படுத்தா என்னையும் தூக்கி வெளிய வெச்சிருவா சார். அதனாலதான் காய்ச்சல்லகூட எழுந்து நடமாடிட்டு இருக்கேன்” என்று வாடிக்கையாளர்களிடம் முறையிடுவார்.

பொத்தான்கள் முடிந்ததும் அவள் வாசகங்களுக்கு வந்தாள். புறா அவ்வப்போது பயனரிடம் ஏதாவது சொல்லும். ஆரம்ப காலத்தில் அதையெல்லாம் தமிழில் எழுதிக்கொடுத்தவர் மூச்சு நீளம் உள்ளவராக இருந்திருக்க வேண்டும். ஒரு வாசகம் இப்படி இருந்தது: ‘தாங்கள் வரைந்த மடல் சென்றடைய வேண்டிய முகவரியில் அப்பெயருக்குரிய கணக்கு எதுவும் தற்சமயம் பயன்பாட்டில் இருப்பதாக அறியப்படவில்லை.’ இதைப் படித்து முடிப்பதற்குள் அந்தக் கணக்கை இன்னொருவர் திறந்துவிடலாம். கத்தரி அதை நறுக்கினாள். நறுக்கியதைக் கணவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

‘நீங்கள் எழுதியவர் இப்போது இல்லை.’

“எப்படி?”

“நச்சுனு இருக்கு” என்றார், கம்ப்ரசருக்குள் தலையை விட்டபடி. “இது எப்ப வரும்?”

“யாராவது பழைய முகவரிக்கு மெயில் போட்டா, அது திரும்பி வரும்ல, அப்ப வரும்.” சொல்லிவிட்டு அவள் கொஞ்சம் யோசித்தாள். “வரணும். ஆனா இத்தனை வருஷத்துல இந்த வாசகத்தப் பார்த்தேன்னு ஒருத்தர்கூடச் சொன்னதில்ல. நானும் பார்த்ததில்ல.”

“அப்ப நம்ம புறா விட்டா விட்டதுதான், திரும்பறதே இல்லையா?”

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அவளுக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எல்லா மென்பொருளிலும் மடல்கள் திரும்பி வருகின்றன. புறாவில் மட்டும் ஏன் வருவதில்லை?

புறாவைப் பற்றிச் சொல்லும்போது அதன் ‘உம்’ பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கதை சொல்கிறவருக்கு எதிரே ஒருவர் உம் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் கதை நகராது. புறாவை முதன்முதலில் எழுதியவர் (அவர் யார், எங்கே போனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது) இதை நன்றாக அறிந்திருந்தார். நீங்கள் ஒருவருக்கு மடல் அனுப்புகிறீர்கள். அவர் தம்முடைய புறாவில் அதைத் திறந்து படிக்கிறார். உடனே உங்கள் மடலுக்குக் கீழே, சின்னதாக, சாய்ந்த எழுத்தில், ‘ம்’ என்று விழும். அவ்வளவுதான். அதைச் சரி என்று எடுத்துக்கொள்ளலாம், அப்புறம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், உன்னை யார் கேட்டது என்றும் எடுத்துக்கொள்ளலாம். கல்யாணமானவர்களுக்கு இன்னும் பல பொருள்கள் தெரியும்.

அந்த ஒற்றை எழுத்தில்தான் கத்தரியின் தம்பி இருந்தான்.

தம்பி வேறோர் ஊரில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தான். காது கூர்மையானவன். பல வருஷங்களுக்கு முன் ஒரு மத்தியானம் அவன் தொலைபேசியில் அழைத்து, நிறுத்தாமல் பேசிக்கொண்டு போனான். இவள் போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, புறாவில் எதையோ தேடியபடி, “ம்… ம்…” என்றுகொண்டிருந்தாள். அவன் சட்டென்று நிறுத்தினான்.

“அக்கா, இப்ப நான் என்ன சொன்னேன்?”

“அதான்டா… ஸ்டுடியோவுக்கு ஏசி…”

அவன் சொல்லிக்கொண்டிருந்தது, மனைவி தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்பதை.

“செவுரு பரவால்லக்கா. எதிரொலியாவது குடுக்கும்” என்றான். போனை வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் அவன் அழைக்கவில்லை. இவளும் அழைக்கவில்லை, அழைத்து என்ன சொல்வது? எழுதினாள். சமாதானம் சொல்லி எழுதினாள், பழையபடி வம்பளந்து எழுதினாள், அவன் மாமா ஒரு ஃபிரிட்ஜுக்குள் கைவிட்டு மாட்டிக்கொண்ட கதையை எழுதினாள். பதில் ஒருநாளும் வரவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே ‘ம்’ வந்தது. படித்துவிட்டான். கோபம் இருக்கிறது, ஆனாலும் படித்துவிட்டான். நீளமான மடலுக்கு ம் தாமதமாக வரும். ஆற அமரப் படித்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள். அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்ததை எழுதியபோது ‘ம்..’ என்று இரண்டு புள்ளியோடு வந்தது. அந்த இரண்டு புள்ளிக்காக அவள் குளியலறையில் போய் அழுதாள். என்றைக்காவது ம் ஒரு சொல்லாக மாறும், சொல் ஒரு வாக்கியமாகும், தம்பி திரும்பிவிடுவான். அவளுக்கு மிச்சமிருந்த நம்பிக்கை அதுதான், வேறு கிடையாது.

திரும்பி வராத மடல்களைத் தேடி அவள் புறாவின் வயிற்றுக்குள் இறங்கியது ஒரு நண்பகல். மருத்துவமனையில் சாப்பாட்டு நேரம். ஒரு நாற்காலியில் மட்டும் ஆள் இருந்தார். ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று போய்க்கொண்டே இருந்தவள், யாரும் வெகுகாலமாகத் தொடாத ஓரிடத்துக்கு வந்து சேர்ந்தாள். அந்தச் சிறு நிரலுக்கு எழுதியவர் ‘ஆறுதல்’ என்று பெயர் வைத்திருந்தார். தலையில் ஒரு குறிப்பு: ‘எழுதுகிறவருக்கு யாராவது உம் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் மனசு விட்டுப்போகும்.’

ஆறுதலுக்கு இரண்டு வேலை. திரும்பி வருகிற மடல்களைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுவது ஒன்று. எதிராளி ம் சொல்லாவிட்டால், எழுதியவரின் கணினியே அவருக்குத் தெரியாமல் ஒரு ம் போட்டுவிடுவது இன்னொன்று. அதையும் ஏனோதானோ என்று செய்யவில்லை. மடலில் எத்தனை எழுத்து என்று பார்க்கும். ஒரு மனிதர் அதைப் படிக்க எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிடும். நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பதற்கும் கொஞ்ச நேரம் சேர்க்கும். மடலில் ‘வலி’, ‘ஆஸ்பத்திரி’, ‘மன்னித்துவிடு’ போன்ற சொற்கள் இருந்தால் ம்முக்குப் பின்னால் இரண்டு புள்ளி வைக்கும்.

இரண்டு புள்ளி.

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் டாக்டர் யாருக்கோ தன் மைத்துனனின் யோக்கியதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். “ம்” என்றது நாற்காலி.

புதிய மடல் ஒன்றைத் திறந்தாள். கீபோர்டில் கை போன போக்கில் தட்டி, உலகத்தில் இருக்கவே முடியாத ஒரு முகவரியைப் போட்டாள். ‘நீ இருக்கிறாயா?’ என்று எழுதி அனுப்பினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. ஒருவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படிக்கிற நேரம்.

‘ம்’ என்று விழுந்தது.

‘நீ யார்?’

‘ம்’.

‘பதில் சொல்லாதே.’

இந்த முறை தாமதமானது.

‘ம்’.

ஒன்றுமே எழுதாமல் வெறும் மடலை அனுப்பினாள். படிக்க எதுவும் இல்லாததால் ம் அந்தக் கணமே வந்தது. கதவுக்குப் பின்னாலேயே இத்தனை நேரமும் நின்றுகொண்டிருந்ததைப் போல. இதெல்லாம் உள்ளங்கையில் எழுதிவிடக்கூடிய சில வரி நிரல் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்தாள். கடைசியாக ‘மன்னித்துவிடு’ என்று எழுதினாள்.

‘ம்..’

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

பழைய ம்களைச் சோதித்துப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இடத்தை மிச்சம் பிடிக்க, எந்த ம் எங்கிருந்து வந்தது என்ற விவரத்தைப் புறா வைத்துக்கொள்வதில்லை. தம்பி சொன்ன ம்மும் எந்திரம் சொன்ன ம்மும் ஒரே எழுத்து, ஒரே சாய்வு.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் ஸ்குருடிரைவரைக் கீழே வைத்தார். அவர் அப்படிக் கீழே வைப்பது அபூர்வம்.

“அப்ப மாப்ள எதையுமே படிக்கலையா?”

“படிச்சும் இருக்கலாம்.”

“அந்த வரிய எடுத்துட்டு ஒரு மெயில் போட்டுப் பாரேன். வந்தா அவன், வரலன்னா மெஷின். தெரிஞ்சு போச்சு.”

“ம்.”

“இந்த ம்முக்கு என்ன அர்த்தம்?”

ஒரே ஒரு மடல் போதும். ஆனால் அதைப் போட்டால் தெரிந்துவிடும். தெரியாதவரைக்கும் தம்பி பாதியாவது இருக்கிறான்.

இப்படிப்பட்ட நேரத்தில் மனிதர்களுக்குக் கைகொடுப்பது கொள்கை. ‘பயனரிடம் பொய் சொல்லும் எதுவும் புதிய பதிப்பில் இருக்காது’ என்று அவள் குழுவில் அறிவித்தாள். தன் தம்பிக்கு ஒரு மடல் போட்டுப் பார்க்கத் தைரியம் இல்லாதவள் உலகத்துக்கே வைத்தியம் பார்க்கப் புறப்பட்டாள். சீர்திருத்தங்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பமாகின்றன.

குழுவில் ஒருவர் உண்டு. எதை எடுக்கப்போனாலும் குறுக்கே வந்து விழுவார். அதனால் அவருக்கு ‘மாத்தாதே’ என்று பெயர். நிலா போனபோது இரங்கல் எழுதியவர். அவர் இந்த முறை கத்தவில்லை. அவளைப் போனில் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். அவர் குரலை அவள் கேட்டது அதுவே முதல் தடவை.

“அம்மா, ஆறுதல எடுக்காதீங்க.”

“உங்களுக்கு அது தெரியுமா?”

“தெரியாம என்ன. ரொம்ப நாளாத் தெரியும். நான் தினமும் காலையில ஒரு மெயில் எழுதறேன். டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள ம் வந்துரும்.”

“யாருக்கு எழுதறீங்க?”

“அது உங்களுக்கு எதுக்கும்மா? வருதா, வருது.”

“அது வெறும் மெஷின் சார்.”

“வீட்ல வேற யாரும் சொல்றதில்லையேம்மா” என்றார். தன்னையறியாமல் அவள் “ம்” என்றாள். சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. போனை வைத்துவிட்டாள்.

ஆனாலும் வெட்டினாள். ஆறுதலும் உம்மும் சேர்ந்தே போயின. இனி மடல் போனால் போனது, திரும்பினால் திரும்பியது. புதிய பதிப்பு ஒரு காலையில் வெளியானது. யாரையும் கேட்காமல் எல்லோர் கணினியிலும் தானாகவே போய் உட்கார்ந்துகொள்கிற ரகம். பார்க்க அழகாக இருந்தது. வெள்ளைத் திரை, மூன்று பொத்தான்கள். எல்லாச் சாமான்களையும் தூக்கிக்கொண்டு போன பிறகு வீடு இருக்குமே, அப்படி.

அன்று அவளுக்கு விடுமுறை. சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, ‘எப்படிடா இருக்கே?’ என்று எழுதினாள். அனுப்பிவிட்டு அடுப்பைத் துடைக்கலாம் என்று எழப்போனாள். அதற்குள் வந்துவிட்டது.

‘நீங்கள் எழுதியவர் இப்போது இல்லை.’

முன்னறையிலிருந்து கணவர் ஓடிவந்தார். அவள் கத்தவில்லை. அவள் கை பட்டு மேசையிலிருந்து தட்டு விழுந்த சத்தம் கேட்டு வந்தார். திரையைப் பார்த்தார். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

“ஏய்… இது நீ எழுதினதுதான?”

“எழுதினது நான்தாங்க. ஆனா சொல்றது அது.”

“முகவரி மாறியிருக்கும்டி.”

“மாறியிருந்தா மாறியிருக்குன்னு சொல்லும். இல்லன்னு சொல்லுதே.”

அவளுடைய சொந்த வாக்கியம்தான். அந்த ‘இல்லை’யை அவளே தேர்ந்தெடுத்து வைத்தாள், சுருக்கமாக இருக்கிறது என்று. இப்போது அது யாரோ வெளியூர்க்காரர் வாசலில் நின்று, செருப்பைக் கழற்றாமல், தலையைக் குனிந்து சொல்வதைப் போல இருந்தது. தம்பியின் பழைய எண்ணைத் தேடி அழுத்தினாள். மணி அடிக்கவில்லை. பதிவு செய்த ஒரு பெண் குரல் மிகுந்த மரியாதையோடு சொன்னது: “நீங்கள் அழைக்கும் எண் தற்போது உபயோகத்தில் இல்லை.”

“பாத்தீங்களா?” என்றாள் கணவரிடம். ஏதோ இரண்டாவது சாட்சி கிடைத்துவிட்டதைப் போல.

“பையை எடு. நேர்ல போய்ப் பாத்துருவோம்” என்றார் அவர்.

அவள் பையில் துணியை வைக்க வைக்க, மேசைமேல் கணினி முனகிக்கொண்டே இருந்தது. குழுவுக்கு மடல்கள் வந்து குவிந்தன. கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று அவள் திறந்தாள். ‘என் பெரியப்பா இறந்ததை எங்கள் வீட்டில் யாருமே சொல்லவில்லை, புறாவுக்கு யார் சொன்னது?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘என் பழைய மேனேஜர் இல்லை என்கிறது. நேற்றுதான் அவரோடு ஒரே பஸ்ஸில் வந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்?’ என்று இன்னொருவர். ஒரு பெண், தன் தோழிகள் ஏழெட்டுப் பேர் ஒரே காலையில் இறந்துவிட்டதாகவும், தனக்கு வெளியே போகவே பயமாக இருப்பதாகவும் எழுதியிருந்தாள். கடைசி மடலில் இரண்டே வரி: ‘சோதித்துப் பார்ப்போம் என்று என்னுடைய பழைய முகவரிக்கு நானே எழுதினேன். நானும் இல்லையாம். இனி என்ன செய்ய வேண்டும்?’

அதைப் படித்தபோதுதான் கத்தரிக்குத் தான் என்ன செய்திருக்கிறோம் என்பது புரிந்தது. கணக்கு இல்லை என்பதை ஆள் இல்லை என்று நறுக்கிவிட்டாள். நம் ஆட்களிடம் ‘அவர் இப்போது இல்லை’ என்று சொன்னால் யாராவது முகவரியையா நினைப்பார்கள்? ஒரு காலைப் பொழுதில், மூன்று பொத்தான் வைத்த வெள்ளைத் திரையில், அவள் ஊர் ஊராக ஆட்களைக் கொன்று போட்டிருந்தாள்.

அப்படியென்றால் தம்பி இருக்கிறானா? அதுவும் தெரியவில்லை. கணக்கு இல்லை என்பது மட்டும் உறுதி. ஆள் இருப்பதற்கும் அத்தாட்சி இல்லை, இல்லாததற்கும் அத்தாட்சி இல்லை. பையின் ஜிப்பைப் பாதி இழுத்தபடி அவள் நின்றாள்.

முன்னறையில் பட்டறை போன் அடித்தது. வெளிப்பலகையில் பெரிதாக எழுதிப்போட்ட எண் அது. கணவர் கையில் எண்ணெய் என்பதால் முழங்கையால் அழுத்தி, ஸ்பீக்கரில் சத்தமாக வைத்தார்.

“சொல்லுங்க, என்ன ஃபிரிட்ஜ்?”

“மாமா…” என்றது போன். அழுகிற குரல். கத்தரி பையை விட்டுவிட்டுக் கணவருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“யாரு?”

“நான்தான் மாமா.”

கணவர் சுற்றிலும் கதவைத் திறந்துகொண்டு நின்ற ஃபிரிட்ஜுகளைப் பார்த்தார். குரல் எதிலிருந்து வருகிறது என்று பார்ப்பதைப் போல.

“மாப்ள…” என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. “நீ இப்ப… எங்கேர்ந்து பேசற?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு மாமா? அக்கா எப்ப போனா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“அவ எங்கயும் போகலையே. இனிமேதான் கிளம்பறோம். இங்கதான் நிக்கறா.”

“எங்க நிக்கறா?”

“என் பின்னால.”

தம்பியின் குரல் குழந்தையிடம் பேசுவதைப் போலத் தணிந்தது. “மாமா, நீங்க தனியா இருக்காதீங்க. பக்கத்துல யாரையாவது கூப்பிட்டு வெச்சுக்கங்க. நான் உடனே பொறப்படறேன்.”

கத்தரி போனைப் பிடுங்கினாள். பேச வாயைத் திறந்தாள். வெளியே வந்ததெல்லாம் “ம்…” என்ற ஒரு சத்தம்தான்.

தம்பி பதறினான். “மாமா, வேணாம் மாமா. அவ குரலைப் பதிவு பண்ணி வெச்சதையெல்லாம் இப்பப் போடாதீங்க. நானே ஒடஞ்சு போயிருக்கேன்.”

“பதிவாடா?” என்று அவள் வெடித்தாள். “பதிவா நான்? உயிரோட நிக்கறவளப் பாத்துப் பதிவுங்கற! நீ செத்துட்டேன்னு இங்க நான் பையில துணி வெச்சுட்டு இருக்கேன், நாயே!”

“…அக்கா?”

“அக்காதான்டா.”

“நான் எதுக்குச் சாகணும்?”

“நான் எதுக்குடா சாகணும்?”

“புறாதான் சொல்லுச்சு! காலையில உனக்கு எழுதினேன், நீ இல்லன்னு வந்துச்சு. உன் ஆபீஸ் முகவரிக்குத்தான் எழுதினேன்.”

“எந்த ஆபீஸ்? நீ போனை வெச்ச அடுத்த வாரமே அந்த வேலைய விட்டுட்டேன்! நான் பல் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன்டா. உன் ஸ்டுடியோ முகவரி?”

“அவ போன கையோட ஸ்டுடியோவ மூடிட்டேனேக்கா. எல்லாத்தையும் உனக்கு எழுதினேனே. நீயும் எல்லாத்துக்கும் ம் போட்டியே.”

அவள் அங்கே கிடந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் சொல்லிக்கொண்டே போனான். கோபம் ஆறி அந்த வருஷமே எழுத ஆரம்பித்துவிட்டானாம். ஒருவரிகூடப் பதில் எழுத மாட்டேன் என்கிறாளே, அவ்வளவு திமிரா என்று இருந்ததாம். ஆனால் ம் தவறாமல் வந்ததால், படிக்கிறாள், அது போதும் என்று விட்டுவிட்டானாம். மறுபடி கல்யாணம் செய்துகொண்டதை எழுதியபோது சட்டென்று ம் வந்ததாம். பெண் பிறந்ததை எழுதியபோதும்.

“பாப்பாவுக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரில வெச்சிருந்தோம். பயத்துல உனக்கு எழுதினேன். ரெண்டு புள்ளி வெச்சு ம் போட்ட பாரு, அன்னைக்குத்தான் அக்காவுக்கு என் மேல பாசம் போகலன்னு…” அவன் நிறுத்திக்கொண்டான். “அது நீ இல்லையாக்கா?”

யாருக்கும் சொந்தமில்லாத இரண்டு முகவரிகளுக்கு, இரண்டு பேர், ஆண்டுக்கணக்கில் தங்கள் உயிரையே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். நடுவில் உட்கார்ந்து எதுவோ பொறுமையாக எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த ஒரு எழுத்து மட்டும் கிடைக்காமல் இருந்திருந்தால், இரண்டு பேரில் ஒருவர் முதல் மாதமே பஸ் ஏறியிருப்பார்.

“நான் இல்லடா” என்றாள். “பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு? எந்த ஆஸ்பத்திரி? என்ன வயசு? யார் மாதிரி இருக்கா?”

“சொல்றதுக்குள்ள நாலு கேள்வி கேட்டா எப்படிக்கா? இரு, நான் எழுதினதையெல்லாம் திருப்பி அனுப்பறேன், படிச்சுக்கோ.”

“அனுப்பாத! ஒண்ணும் அனுப்பாத. வாயால சொல்லு.”

அவன் சொன்னான். அவள் குறுக்கே குறுக்கே கேட்டாள். ஓரிடத்தில் இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்து, கொஞ்சம் இடைவெளி விழுந்தது. எல்லாத் தொலைபேசிப் பேச்சிலும் விழுகிற சாதாரண இடைவெளிதான்.

“அக்கா?” என்றான் உடனே. “இருக்கியா?”

“இருக்கேன்டா.”

“சும்மா இருக்காதக்கா. ஏதாவது பேசிட்டே இரு.”

அவளுக்கும் அந்த ஒரு நொடி பொறுக்கவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல், எதிரே கண்ணில் பட்டதைச் சொல்ல ஆரம்பித்தாள். மாமா ஒரு நீல ஃபிரிட்ஜைப் பிரித்துப் போட்டிருக்கிறார். அதன் கதவில் யாரோ குழந்தை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஸ்டிக்கரில் யானை. யானைக்கு ஒரு காது இல்லை. இல்லை என்ற சொல் வாயில் வந்ததும் அவசரமாகத் திருத்திக்கொண்டு, “காது கிழிஞ்சிருக்கு” என்றாள். அங்கே அவன் தன் அறையில் இருப்பதைச் சொன்னான். நாற்காலி இருக்கிறது. ஜன்னல் இருக்கிறது. ஜன்னலில் ஒரு காக்கா இருக்கிறது.

உள்ளே மேசைமேல் கணினி முனகிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு வாக்கியத்தைத் திருத்தினால் போதும், அத்தனை பேரும் எழுந்து நடமாட ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் கத்தரிக்குக் கை ஒழியவில்லை. உலகம் முழுவதும் இறந்துபோனவர்கள் அன்று மாலைவரை இறந்தபடியே காத்திருக்க நேர்ந்தது.

“சார்ஜ் தீரப்போகுதுடி” என்று கணவர் சைகையோடு கிசுகிசுத்தார். ஓடிப்போய் சார்ஜர் வயரைக் கொண்டுவந்தார். பிளக் சுவரின் அடியில் இருந்தது, வயர் குட்டை. அவள் பேச்சை நிறுத்தாமல் எழுந்து, இரண்டு ஃபிரிட்ஜுகளுக்கு நடுவே தரையில் குந்தி, சுவரோடு தலையை ஒட்டி வைத்துக்கொண்டாள்.

“அப்புறம்?” என்று கேட்டான் தம்பி.

“அப்புறம்… தரையில உக்காந்திருக்கேன். பக்கத்துல ஒரு ஸ்குரு கெடக்கு. பித்தளை மாதிரி இருக்கு. இரு, எடுத்துப் பாக்கறேன். பேசிட்டே இருடா, நான் இருக்கேன்” என்றாள்.